ஜெர்மன் நாவலாசிரியர் நம் ஊர்ப் புத்தகக் கடையில்: வாசிப்பு மாலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1916 நவம்பர் 10 அன்று மாலை, மியூனிக் நகரில் ஹான்ஸ் கோல்ட்ஸ் என்ற புத்தக வியாபாரி நடத்திய கலைக்கூடத்தில் ஃபிரான்ஸ் காஃப்கா உட்கார்ந்து தன் கதை ஒன்றை வாசித்தார். அது அச்சேற இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. பத்திரிகைகள் அந்த வாசிப்பைப் பாராட்டவில்லை. பிராகுக்கு வெளியே அவர் பொதுவில் வாசித்தது அந்த ஒரே முறைதான். 1958-இல் தென் ஜெர்மனியின் ஆல்காய் பகுதியில், குரோஸ்ஹோல்ஸ்லாய்ட்ட என்ற கிராமத்து விடுதியில் எழுத்தாளர்கள் கூடினார்கள். ‘குழு 47’ என்று பெயர் பெற்ற அந்த வட்டத்தின் முன் குந்தர் கிராஸ் முடிக்காத நாவலிலிருந்து சில அத்தியாயங்களை வாசித்தார். பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே ‘தகர முரசு’ வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது.

இரண்டுக்கும் பெரிய மண்டபம் தேவைப்படவில்லை. எழுதியவர், ஒரு மேசை, கேட்க வந்த கொஞ்சம் பேர், அவ்வளவுதான். மாமல்லபுரத்திலோ செங்கல்பட்டிலோ முப்பது நாற்காலி போட இடமுள்ள ஒரு புத்தகக் கடையில் இதை நம்மாலும் செய்ய முடியும். கடை வைத்திருப்பவர், வாசகர் வட்டம் நடத்துபவர், கல்லூரி ஆசிரியர் என்று யார் முதன்முறையாக இறங்கினாலும் பயன்படும்படி இதை எழுதுகிறேன்.

முதல் படி: இது வெளியீட்டு விழா அல்ல

நமக்குப் பழக்கமான புத்தகக் கூட்டத்தின் வடிவம் தெரிந்ததுதான். வரவேற்புரை, தலைமையுரை, நூலை ஒருவர் வெளியிட இன்னொருவர் பெற்றுக்கொள்வது, வாழ்த்துரைகள், பொன்னாடை, கடைசியில் எழுத்தாளரின் ஏற்புரை. அவர் ஒலிவாங்கிக்கு வரும்போது பாதிப் பேர் பேருந்து நேரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். புத்தகத்தைப் பற்றி எல்லோரும் பேசியிருப்பார்கள். புத்தகத்திலிருந்து ஒரு வரியைக்கூட யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் வாசிப்பு மாலை நேர் எதிரான வழக்கம். எழுத்தாளர் உட்கார்ந்தபடி முக்கால் மணியோ ஒரு மணியோ தன் பக்கங்களை வாசிப்பார். அருகில் நெறியாளர் ஒருவர் இருப்பார். வாசிப்பு முடிந்ததும் உரையாடல், பிறகு கையெழுத்து. பல ஊர்களில் இதற்கு நுழைவுச்சீட்டு உண்டு. மக்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எழுத்தாளருக்குச் சன்மானம் உண்டு. நாவலாசிரியர்கள் பலருக்குப் புத்தக விற்பனையோடு இதுவும் ஒரு முக்கிய வருமானம்.

அங்கே சின்ன ஊர்க் கடைகளும் இதைச் செய்ய முடிவதற்கு ஒரு காரணம் சட்டம். ஜெர்மனியில் புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பகம்தான் நிர்ணயிக்கும். எந்தக் கடையும் தள்ளுபடி தரக் கூடாது. நெடுங்கால வணிக வழக்கமாக இருந்ததை 2002-இல் தனிச் சட்டமாகவே ஆக்கினார்கள். பெரிய நிறுவனத்தில் வாங்கினாலும் தெருமுனையில் வாங்கினாலும் ஒரே விலை என்பதால், ஆட்களை ஈர்க்கத் தெருமுனைக் கடையிடம் மிஞ்சியிருப்பவை கவனிப்பும் இம்மாதிரி மாலைகளும்தான். நம் பக்கம் புத்தகக் காட்சியின் பத்து சதவீதத் தள்ளுபடியையும் இணைய விற்பனையையும் எதிர்த்து நிற்க வேண்டிய சிறு கடைகளுக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இங்கே வாசிப்பு மாலையின் தேவை இன்னும் கூடுதல் என்று நினைக்கிறேன்.

இந்த வடிவம் கண்ணில் பதிய, ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 1977 முதல் நடக்கும் இலக்கியப் போட்டியின் காணொளி ஒன்றைப் பாருங்கள். எழுத்தாளர் வாசிப்பார்; நடுவர்கள் அவர் எதிரிலேயே விவாதிப்பார்கள்; எல்லாம் தொலைக்காட்சியில் நேரலையாகப் போகும். மொழி புரியாவிட்டாலும் வேகமும் இடைவெளியும் கேட்பவர்களின் அமைதியும் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: எழுத்தாளரைத் தேடுவது

ஜெர்மன் மொழியில் எழுதுகிறவர் என்றால் ஜெர்மனிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காஃப்கா பிராகில் வாழ்ந்தவர். மாக்ஸ் ஃபிரிஷ், டூரன்மாட் இருவரும் சுவிஸ்காரர்கள். நோபல் பரிசு பெற்ற எல்ஃபிரீடே எலினெக், பீட்டர் ஹாண்ட்கே இருவரும் ஆஸ்திரியர்கள்; ஹெர்டா முல்லர் ருமேனியாவில் பிறந்தவர்.

ஆகவே நீங்கள் தட்டக்கூடிய கதவுகள் மூன்று. சென்னை நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கோதே இன்ஸ்டிடியூட் முதல் கதவு. பழையவர்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் தெரியும். சுவிஸ் எழுத்தாளர்களுக்குப் புதுதில்லியில் அலுவலகம் வைத்திருக்கும் புரோ ஹெல்வேசியா, ஆஸ்திரியர்களுக்கு அதே ஊரில் உள்ள ஆஸ்திரிய கலாச்சார மையம். ஓர் எழுத்தாளரைத் தனியாக நமக்காகவே வரவழைப்பது முதல் முயற்சிக்கு மிகப் பெரிய சுமை. ஏற்கெனவே இந்தியாவுக்கு வருகிறவரை ஒரு மாலை நம் பக்கம் திருப்புவதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்கு வெளிநாட்டுப் பதிப்பகத்தார் பலர் வருகிறார்கள். அந்தப் பருவத்தில் யார் வருகிறார் என்று ஆறு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். எழுதும்போது கடையின் அளவு, வரக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, உங்களால் தர முடிந்தது, முடியாதது எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். முப்பது பேர்தான் வருவார்கள் என்று நேர்மையாக எழுதினால் யாரும் தாழ்வாக நினைக்க மாட்டார்கள்.

யாரைக் கேட்பது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. தமிழ் வாசகரோடு ஏதேனும் ஓர் இழையில் சேரும் நாவலை முதலில் தேடுங்கள். செந்தூரன் வரதராஜா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணத்தில் 1984-இல் பிறந்து, குழந்தையாக ஜெர்மனிக்குப் போய், ஜெர்மனிலேயே எழுதுகிறவர். 2014-இல் கிளாகன்ஃபுர்டில் வாசித்து 3சாட் பரிசு பெற்றார். 2016-இல் எஸ். ஃபிஷர் பதிப்பகம் அவருடைய முதல் நாவலை வெளியிட்டது. அகதிக் குடும்பங்களில் வளர்ந்த இருவர், ஒருவர் ஈழத்திலிருந்து, மற்றவர் கொசோவோவிலிருந்து, ஃபேஸ்புக்கில் ஏழு நாட்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதே நாவல். இருவரும் நேரில் சந்திப்பதில்லை. இரண்டு குரல்களில் மாறி மாறி வாசிக்க ஏற்ற இப்படியொரு நாவலை ஒரு கடற்கரை ஊர்க் கடையில் வாசித்துக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாம் படி: கடையும் நாளும்

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஒத்தவாடைத் தெருப் பக்கம், படித்து முடித்த ஜெர்மன், பிரெஞ்சுப் புத்தகங்களை விற்றுவிட்டும் மாற்றிக்கொண்டும் போகும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. தெருவுக்கு இந்த மொழி புதிதல்ல. செங்கல்பட்டில் நடத்தினால் மின்ரயிலில் தாம்பரம், கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஆட்கள் வந்து போக முடியும். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு–மாமல்லபுரம் பேருந்து இருக்கிறது என்றாலும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை நிலையத்திலேயே கேட்டு, அழைப்பிதழில் போட்டுவிடுங்கள். கூட்டம் நூறைத் தாண்டும் என்று தோன்றினால் முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனாலும் முதல் முறை கடையை விட்டுப் போகாதீர்கள். அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டவர், எழுந்து போகும்போது கையை நீட்டி ஒரு புத்தகத்தை எடுப்பார்.

மாதம் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரு புயல் எச்சரிக்கை போதும், எல்லாம் கெட்டுவிடும். டிசம்பர் இறுதியில் தொடங்கும் மாமல்லபுரம் நாட்டிய விழாவின் மாலைகளோடு மோதாதீர்கள். சனிக்கிழமை ஐந்தரை மணி நல்ல நேரம்.

கடைக்குள் நாற்காலி போட்டதும் மின்விசிறியை ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாமல்லபுரத்தில் பக்கத்திலேயே சிற்பக்கூடம் இருந்தால் அரைக்கும் இயந்திரம் எத்தனை மணிக்கு நிற்கும் என்று அந்த ஸ்தபதியிடம் போய்ப் பேசுங்கள். சொன்னால் கேட்பார்கள். சிறிய ஸ்பீக்கர் ஒன்று, இன்வெர்ட்டர், வாசலில் கொசுவத்தி. வாசலுக்கு வெளியே ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

நான்காம் படி: எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது

மொத்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நேரமும் உழைப்பும் இதற்கே அதிகம் போகட்டும்.

கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு ஜெர்மன் தெரியாது. உடனே தோன்றும் யோசனை, எழுத்தாளரை ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வாசிக்கச் சொல்லிவிடலாம் என்பது. வேண்டாம். அவர் குரல் அவர் மொழியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாசித்தால் அவரும் அங்கே விருந்தாளி, நாமும் விருந்தாளி.

இதற்கான வழி நம் மண்ணிலேயே பல தலைமுறையாக இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதை அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கத்தில் வில்லிபாரதப் பாட்டை ராகம் போட்டுப் பாடுவார்கள். பிறகு பிரசங்கியார் அதை எடுத்து, இன்றைய பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்வார். பாட்டின் எல்லாச் சொல்லும் கேட்பவருக்குப் புரிவதில்லை. ஆனாலும் பாட்டைத் தவிர்த்துவிட்டு விளக்கத்தை மட்டும் சொல்லுங்கள் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. முதலில் ஓசை உள்ளே போக வேண்டும், பொருள் அதன் பின்னால் வரும் என்பது அந்தப் பந்தலில் உட்காரும் பாட்டிகளுக்குத் தெரியும். இரவில் நடக்கும் கூத்துகளில் பெயர்பெற்றது அர்ச்சுனன் தபசு. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை ஊர் மக்கள் அழைக்கும் பெயரும் அதுவே. இந்தக் கரை ஒரு பெருங்கதையைப் பாட்டாகவும் உரையாகவும் ஆட்டமாகவும் கல்லாகவும் வாங்கிக்கொண்ட கரை. ஓர் அயல்மொழி நாவல் இங்கே அந்நியமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

ஆக, அந்த முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் முதலில் நான்கு நிமிடம் ஜெர்மனில் வாசிக்கட்டும். முன்கூட்டி எந்த விளக்கமும் வேண்டாம். பிறகு அதே பகுதியும் அதைத் தொடரும் பக்கங்களுமாகப் பன்னிரண்டு நிமிடம் தமிழில். மறுபடி ஜெர்மனில் நான்கு, தமிழில் பன்னிரண்டு. அரை மணியைக் கொஞ்சம் தாண்டும், போதும். தெரியாத மொழியை நான்கைந்து நிமிடம் காது கூர்மையாகக் கேட்கும். அதற்கு மேல் போனால் மனம் நழுவும்.

பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் எழுத்தாளரின் சொல்லே கடைசிச் சொல். ஆனால் உங்கள் யோசனையை அனுப்புங்கள். பாத்திரங்கள் கூட்டமாக வரும் பக்கங்களைத் தவிர்த்து, ஓரிரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தை எடுங்கள். நாவலின் முடிவு வெளிப்படும் பக்கம் வேண்டாம். அச்சிட்ட ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழாக்கத்தை ஜெர்மனிலிருந்தே நேராகச் செய்யக்கூடியவரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் உண்டு. காஃப்காவின் ‘விசாரணை’யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்கி, க்ரியா வெளியிட்டது. ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசியில்தான் வந்து நிற்கும், நம் தமிழைப் போல. அந்தக் காத்திருப்பு நடுவில் ஆங்கிலம் புகுந்தால் உடைந்துவிடும். நேரடி மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவே இல்லையென்றால் ஆங்கிலம் வழியாகச் செய்து, ஜெர்மன் தெரிந்த ஒருவரை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடுங்கள், பெயரை அழைப்பிதழில் எழுத்தாளர் பெயருக்கு அடுத்த வரியில் போடுங்கள்.

தமிழில் வாசிப்பவர் மொழிபெயர்ப்பாளராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குரலும் நிதானமும் உள்ள ஓர் ஆசிரியையோ நாடகக்காரரோ கூத்துக் கலைஞரோ வாசிக்கலாம். நடிக்க வேண்டாம், வாசித்தால் போதும். முந்தைய நாள் ஒரு முறையாவது எழுத்தாளரும் இவரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துப் பார்க்கட்டும். எங்கே ஒருவர் நிறுத்த மற்றவர் எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் அமையும். தமிழ்ப் பகுதியின் நகலை வந்தவர்களுக்குக் கொடுப்பதென்றால் வாசிப்பு முடிந்த பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிந்துவிடுவார்கள், எழுத்தாளர் தலைகளைப் பார்த்து வாசிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: அனுமதி, விசா, பணம்

தமிழாக்கத்தைப் பொதுவில் வாசிக்கவும் நகலெடுத்துக் கொடுக்கவும் பதிப்பகத்தின் வெளிநாட்டு உரிமைப் பிரிவுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். ஒரு மாலைக்குச் சில பக்கங்கள் என்றால் பெரும்பாலும் இசைவார்கள். ஆனால் அந்த இசைவு எழுத்தில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வருகிறவருக்குச் சன்மானம் தர முடியாது. எந்த விசாவில் வருகிறார், பயணமும் சன்மானமும் யார் பொறுப்பு என்பதை அழைக்கும் கலாச்சார நிறுவனத்திடமே முதலில் பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் அவர் தங்கும் விடுதி, அவர் வந்து தங்கிய விவரத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். அன்பின் பேரில் உங்கள் வீட்டில் தங்கவைத்தால் அந்தக் கடமை உங்களுடையது.

ஆறாம் படி: ஆட்களை வரவழைப்பது

சுவரொட்டியை நம்பாதீர்கள். யாருக்கு இது தேவை என்று யோசித்து, அவர்களிடம் நேரில் போங்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜெர்மன் படிக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போக நினைக்கும் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கே செவிலியர் வேலைக்குப் போகத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதுவரை கேட்ட ஜெர்மன், பாடப்புத்தகத்தில் ரயில் நிலையத்தில் வழி கேட்கும் ஜெர்மன். அந்த மொழியில் ஒருவர் துக்கப்படுவதையும் கேலி செய்வதையும் அவர்கள் கேட்பது முதன்முறையாக உங்கள் கடையிலாக இருக்கலாம். பயிற்சி மையங்களுக்குப் போய் வகுப்பில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.

அடுத்து மாவட்ட நூலகத்தின் வாசகர் வட்டம், கல்லூரித் தமிழ்த் துறைகள், மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி மாணவர்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது சந்தித்த வாசகர்களின் தொலைபேசி எண்களை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைத்திருந்தால் இப்போது உதவும். ஒத்தவாடைத் தெருவில் தங்கும் பயணிகளுக்கு ஜெர்மனில் ஒரு சிறு அட்டை எழுதி விடுதி வரவேற்பில் வைக்கலாம். ஆனால் முன்வரிசையை அவர்களுக்கு ஒதுக்காதீர்கள்; மாலை இந்த ஊர்க்காரர்களுக்கானது.

ஏழாம் படி: அன்று மாலை

ஐந்து மணிக்குத் தேநீர், சுண்டல். ஐந்தரைக்குத் தொடங்கிவிட வேண்டும், முக்கியப் பிரமுகர் வரவில்லையென்றாலும். கடைக்காரர் இரண்டு நிமிடம் வரவேற்பார். நெறியாளர் ஐந்து நிமிடத்தில் எழுத்தாளர் யார், நாவல் எதைப் பற்றியது, இப்போது வாசிக்கும் இடம் எங்கே வருகிறது என்று சொல்வார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவிலிருந்து தமிழ்–ஜெர்மன் உறவின் வரலாற்றைத் தொடங்கும் ஆசை நெறியாளருக்கு வரும். அது அருமையான வரலாறு. அதற்கு வேறொரு நாள் தனியாக வைத்துக்கொள்ளலாம். பொன்னாடை போர்த்த விரும்பினால் கடைசியில். நினைவுப் பரிசாக எழுத்தாளரின் நாட்டில் கிடைக்காத ஒன்று, நல்ல தமிழ் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

மேசை விளக்கு, தண்ணீர், எழுத்தாளர் உட்கார்ந்து வாசிக்கும் உயரத்தில் ஒலிவாங்கி. வாசிக்கும்போது யாரும் எழுந்து படம் பிடிக்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிட்டால் பிறகு தொந்தரவு இருக்காது.

எட்டாம் படி: கேள்விகள்

‘குழு 47’ கூட்டங்களில் வாசித்த எழுத்தாளர் விமரிசனத்துக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. நமக்கு அந்தக் கடுமை வேண்டாம். ஆனால் உரையாடல் நாவலை விட்டு விலகி, இந்தியா எப்படி இருக்கிறது, இட்லி பிடித்ததா என்று போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நெறியாளர் நாவலை முழுதாகப் படித்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை. முதல் மூன்று கேள்விகளை அவரே, இப்போது வாசித்துக் கேட்ட பக்கங்களிலிருந்து கேட்கட்டும். அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் ஏன் பேசாமல் இருந்தது என்பது போன்ற நேரான கேள்வி. அதைக் கேட்டதும் மற்றவர்களும் அந்தத் தடத்தில் வருவார்கள்.

தமிழில் கேட்கலாம் என்பதைத் தெளிவாக அறிவியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் மட்டும் பேசும் கூட்டமாக மாறிவிட்டால் பாதிக் கடை மௌனமாகிவிடும். மொழிபெயர்த்துச் சொல்ல, ஜெர்மனில் உயர்நிலை வகுப்பு முடித்த மாணவர் ஒருவரை எழுத்தாளருக்கு அருகில் உட்காரவையுங்கள். கேள்வி நீண்டு உரையாக மாறினால் நெறியாளர் மரியாதையாகக் குறுக்கிட வேண்டும். அரை மணி போதும்.

ஒன்பதாம் படி: விற்பனையும் மறுநாள் வேலையும்

ஏழு மணிக்குள் உரையாடல் முடிந்தால் கையெழுத்துக்கும் பேச்சுக்கும் நேரம் இருக்கும். எழுத்தாளரின் புத்தகம் தமிழில் இல்லையென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பில் பத்துப் பிரதி வரவழைத்து வையுங்கள். அதோடு, ஜெர்மனிலிருந்து தமிழுக்கு வந்தவற்றை ஒரு மேசையில் பரப்புங்கள்: ‘விசாரணை’, திருலோக சீதாராம் மொழிபெயர்த்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’, இன்னும் உங்கள் பதிப்பக நண்பர்கள் சொல்பவை. வாசிப்பைக் கேட்ட சூட்டில் ஒருவர் எடுத்துப் புரட்டும் புத்தகம் அன்றைக்குத் தமிழில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மொழிபெயர்ப்பாளருக்கும் தமிழில் வாசித்தவருக்கும் பேசிய தொகையைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். அழைத்த நிறுவனத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பிரதி விற்றது, என்ன கேட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அடுத்த எழுத்தாளர் வரும்போது அவர்களே உங்களைத் தேடுவார்கள். வாசித்த தமிழ்ப் பகுதியை, உரிமை பெற்று, ஒரு சிற்றிதழுக்கு அனுப்பலாம். முழு நாவலையும் தமிழில் கொண்டுவரப் பதிப்பகம் ஒன்று முன்வந்தால், கோதே இன்ஸ்டிடியூட்டும் புரோ ஹெல்வேசியாவும் மொழிபெயர்ப்புக்கு நிதியுதவி தருகின்றன என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு அந்த மாலையில் வாசித்த பக்கங்களை மாதிரியாக இணைத்துவிடலாம்.